அத்தியாயம் 4: லீக் தொடங்கும் சனிக்கிழமை

மிச்சிகனில் கோல்ஃப் லீக் என்றால் பெரும்பாலும் வார நாள் மாலைதான். அலுவலகம் முடிந்து ஐந்து, ஐந்தரை மணிக்கு முதல் பந்து, ஒன்பது ஹோல், இருட்டுவதற்குள் வீடு. டிராய், நோவை, கான்டன், ஃபார்மிங்டன் ஹில்ஸ் என்று டெட்ராய்ட்டைச் சுற்றி, கார் கம்பெனிகளிலும் அவற்றுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் நிறுவனங்களிலும் வேலை பார்க்கிற நம்மவர்களில் பலர் இந்த விளையாட்டுக்குள் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். பக்கத்து இருக்கைக்காரர் ஒரு நாள், "செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறது, வருகிறீர்களா?" என்று கேட்பார். அங்கே ஆரம்பிப்பதுதான்.

வாரப் போட்டிகள் தொடங்குவதற்கு முன், ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை, லீக்கில் பெயர் கொடுத்த அத்தனை பேரும் ஒன்றாகக் கூடி அணி அணியாக ஆடுவது வழக்கம். இந்த அத்தியாயம் அந்த நாளை நடத்தும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவருக்கானது. முந்தைய ஆண்டுச் செயலாளர் ஒரு பழைய எக்செல் கோப்பையும் மைதானத்துத் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருப்பார். மீதி எல்லாம் உங்கள் தலையில்.

எல்லா முடிவையும் ஒரே கேள்வியால் அளந்து பாருங்கள்: லீக்கில் புதிதாகச் சேர்ந்தவர், இருப்பவர்களிலேயே குறைவாக ஆடத் தெரிந்தவர், அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்பி வருவாரா? நன்றாக ஆடுகிறவர்கள் எப்படியும் வருவார்கள். அவர்களைத் தடுக்க மழையாலும் முடியாது. லீக்குகள் தேய்வது புதியவர்கள் சத்தமில்லாமல் நின்றுவிடுவதால்தான். அவர் நிற்பதா தொடர்வதா என்பதைப் பெரும்பாலும் இந்த முதல் சனிக்கிழமையிலேயே தீர்மானித்துவிடுவார். ஆட்ட முறை, அணி பிரிப்பு, டீ, பரிசு என்று கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த ஒரே கவலைதான் இருக்கிறது.

தேதியும் மைதானமும்

தேதியை பிப்ரவரியிலேயே பிடித்துவிட வேண்டும். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை எனக்குப் பிடித்த நாள். அதற்கு முன்னால் வைத்தால் தரை ஊறிக்கிடக்கும். மே மாதத்துக்குத் தள்ளினால் குழந்தைகளின் கால்பந்து, பட்டமளிப்பு விழா, அன்னையர் தினம் என்று ஆட்கள் சிதறிவிடுவார்கள்.

மைதானத்தாரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணத்தைப் பற்றியதல்ல. "வசந்தத்தில் கிரீன்களுக்கு எப்போது துளை போடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். வேருக்குக் காற்றும் நீரும் போவதற்காகக் கிரீன் முழுவதும் சிறு துளைகள் போட்டு மணல் நிரப்புவார்கள். அதற்குப் பிறகு ஓரிரு வாரம் பந்து நேராக உருளாது, குதித்துக் குதித்துப் போகும். முதல் தடவை பட்டரைக் கையில் எடுப்பவர் தான் செய்வதுதான் தவறு என்று நினைத்துக்கொள்வார். அந்த வாரத்தைத் தவிருங்கள்.

இரண்டாவது கேள்வி உறைபனி. ஏப்ரல் கடைசியிலும் இங்கே விடியற்காலையில் புல்லின் மேல் வெண்மை படிந்திருக்கும். அந்த நேரத்தில் புல்லுக்குள் இருக்கும் நீரும் உறைந்திருக்கிறது. காலோ கார்ட் சக்கரமோ ஏறினால் உயிரணுக்கள் நொறுங்கி, பிறகு அந்த இடம் காலடி வடிவத்திலேயே பழுப்பாகும். அதனால் வெயில் ஏறிப் பனி உருகும்வரை யாரையும் உள்ளே விடமாட்டார்கள். எட்டு மணிக்குத் தொடக்கம் என்று அழைப்பு அனுப்பினால், முப்பது பேர் கையைத் தேய்த்துக்கொண்டு வாகன நிறுத்தத்தில் காத்திருக்க நேரும். பதினொரு மணிக்கு வையுங்கள். பனி போயிருக்கும், உடம்பும் இளகியிருக்கும், ஆட்டம் முடிந்ததும் நேராகச் சாப்பாட்டுக்கு உட்காரலாம்.

உறுப்பினர் சேர்க்கை உள்ள தனியார் கிளப்பில் நடத்தினால்தான் கௌரவம் என்று லீக்கில் யாராவது சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. பொது மைதானங்களில் இந்த மாநிலத்துக்குக் குறைவே இல்லை. ஹன்டிங்டன் உட்ஸில் டெட்ராய்ட் மிருகக்காட்சிசாலையை ஒட்டியுள்ள ராக்கம் மைதானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டெட்ராய்ட் நகரத்துக்குச் சொந்தமானது. 1920களில் டொனால்ட் ராஸ் வடிவமைத்தது. அதன் பெயருக்குரிய ஹோரஸ் ராக்கம், ஃபோர்டு கம்பெனி தொடங்கியபோது அதில் பணம் போட்ட முதல் பங்குதாரர்களில் ஒருவர். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் ஆடிய புல்தரை அது. கட்டணம் செலுத்துகிற எவரும் இன்று அங்கே நடக்கலாம். கோல்ஃப் பணக்காரர்களின் ஆட்டம் என்ற எண்ணத்தோடு வருகிற புதியவருக்கு, அந்த எண்ணம் கரைய இப்படி ஒரு பொது மைதானத்தின் முதல் டீயைவிட நல்ல இடம் இல்லை.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: இறுதி எண்ணிக்கையை எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும், மழையால் நின்றால் பணம் திரும்புமா அல்லது வேறு நாள் கிடைக்குமா, தரை ஈரமாக இருந்து கார்ட்டுகளைப் பாதையை விட்டு இறக்கவிடாவிட்டால் எப்போது தெரிவிப்பார்கள். மூன்றாவது விஷயம் முக்கியம். பாதையிலேயே கார்ட் நிற்கும் நாளில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் இறங்கி நடந்து திரும்ப வேண்டும். ஆட்டம் கணிசமாக நீளும், முழங்கால் வலி உள்ளவர்கள் தவிப்பார்கள். முன்னாலேயே தெரிந்தால் அவர்களுக்குத் தனி அனுமதிக் கொடி வாங்கி வைக்கலாம்.

பணத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பெயர் மட்டும் கொடுத்துவிட்டு வராமல் போகிறவர், பணம் கட்டியிருந்தால் வந்துவிடுகிறார்.

எப்படி ஆடுவது

முதல் நாளில் ஒவ்வொருவரும் தன் பந்தைத் தானே கடைசிவரை ஆடி ஸ்ட்ரோக் எண்ணும் முறை வேண்டவே வேண்டாம். ஆறு மாதம் கிளப்பைத் தொடாத கை, ஊறிய தரை, குளிர்ந்த பந்து, பின்னால் காத்திருக்கும் நான்கு பேர்: புதியவர் ஒரே ஹோலில் பன்னிரண்டு எழுதிவிட்டுத் தலைகுனிந்து நடப்பதைப் பார்க்கவா எல்லோரையும் அழைத்தோம்?

நால்வர் ஸ்கிராம்பிள்தான் சரியான முறை. நான்கு பேரும் டீயிலிருந்து அடிக்கிறார்கள். நான்கில் எது நல்ல இடத்தில் விழுந்ததோ அதைத் தேர்ந்தெடுத்து, மற்ற மூவரும் தங்கள் பந்தை எடுத்துக்கொண்டு அங்கே வருகிறார்கள். அங்கிருந்து மறுபடி நால்வரும். இப்படியே பந்து குழிக்குள் விழும்வரை. அணிக்கு ஒரே ஸ்கோர். மோசமாக அடித்த ஷாட்டை எடுத்து மடித்து வைத்துவிடலாம். நன்றாக அடித்த ஒரே ஒரு ஷாட் நால்வருக்கும் பயன்படும். ஒன்பது ஹோல் முழுவதும் தடுமாறியவர் ஏழாவது ஹோலில் முப்பது அடி தூரத்திலிருந்து பட் ஒன்றைப் போட்டுவிட்டால், அன்றைய நாயகர் அவர்தான். வேறு எந்த முறையிலும் இது நடக்காது.

விதிகளை அரைப் பக்கத்துக்குள் எழுதி ஒவ்வொரு கார்ட்டிலும் வையுங்கள். தேர்ந்தெடுத்த பந்து கிடந்த இடத்திலிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள், குழிக்கு அருகில் போகாமல், பந்தை வைக்கலாம். ஆனால் தரை மாறக்கூடாது: உயர்ந்த புல்லில் கிடந்தது உயர்ந்த புல்லிலேயே, பங்கரில் கிடந்தது பங்கருக்குள்ளேயே. கிரீனில் மட்டும் அதே புள்ளியில். இன்னொன்றைத் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள்: பட் தவறிக் குழியோரம் நின்ற பந்தைப் பழக்கத்தில் யாரும் தட்டி உள்ளே விடக்கூடாது. அப்படித் தட்டினால் அணி அந்த ஹோலை முடித்துவிட்டதாகவே கணக்கு; மற்றவர்கள் அதே இடத்திலிருந்து போட வேண்டிய பட்கள் பறிபோகும். பழைய ஆட்டக்காரர்களிடம்தான் இந்தத் தவறு அதிகம், ஏனென்றால் அவர்கள் கைக்கு அது அனிச்சை.

ஸ்கிராம்பிளில் ஓர் ஓட்டை உண்டு. அணியில் பலசாலி ஒருவர் இருந்தால் ஒன்பது ஹோலிலும் அவருடைய டிரைவையே எடுத்துக்கொண்டு மற்ற மூவரும் வேடிக்கை பார்க்க நேரும். அதற்காகத்தான் ஒவ்வொருவருடைய டிரைவும் குறைந்தது ஒரு தடவையாவது பயன்பட வேண்டும் என்ற விதி. ஒன்பது ஹோலுக்கு ஆளுக்கு ஒன்று போதும். சிலர் இரண்டு வைக்கிறார்கள். நால்வருக்கு இரண்டென்றால் எட்டு ஹோல் கட்டாயத்திலேயே போய்விடும். கடைசி ஹோலில், "இப்போது உன் டிரைவ்தான் வேண்டும்" என்று மூன்று பேர் புதியவரைப் பார்த்து நிற்பார்கள். உதவி செய்ய வைத்த விதி அவர் கழுத்தில் கயிறாகிவிடும். அணித் தலைவர்களிடம் சொல்லுங்கள்: புதியவரின் டிரைவை முதல் மூன்று ஹோலுக்குள், எளிதான இடத்தில் பயன்படுத்திவிடுங்கள். இருபது கெஜம் பின்தங்கியிருந்தாலும் பரவாயில்லை, ஃபேர்வேயில் இருந்தால் போதும்.

நன்கொடை திரட்டும் போட்டிகளில் தவறிய ஷாட்டுக்கு மறு ஷாட்டாக முல்லிகன் விற்பார்கள். நான்கு பேருக்கு நான்கு வாய்ப்பு இருக்கும் ஆட்டத்தில் ஐந்தாவது எதற்கு? நேரம்தான் வீணாகும். லீக்கின் முதல் நாளில் அதை விட்டுவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் லீக்கில் எல்லோருமே சில ஆண்டுகள் ஆடியவர்கள், தன் பந்தைத் தானே ஆட ஆசைப்படுகிறவர்கள் என்றால் ஸ்டேபிள்ஃபோர்டு வையுங்கள். பிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற மருத்துவர் வகுத்த இந்த முறை 1932-இல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் முதன்முதலாகப் போட்டியாக நடந்தது. பாருக்கு இரண்டு புள்ளி, பேர்டிக்கு மூன்று, போகிக்கு ஒன்று, அதற்கும் மோசமானால் பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழே எதுவும் இல்லை என்பதால், சொதப்பிய ஹோலில் பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த டீக்குப் போய்விடலாம். மனசும் பிழைக்கும், நேரமும் பிழைக்கும்.

யார் யாரோடு

அணிகளை ஆட்கள் தாங்களே அமைத்துக்கொள்ள விடாதீர்கள். இந்த விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். விட்டால் ஒரே துறைக்காரர்கள், ஒரே மொழிக்காரர்கள், பத்து வருடமாக ஒன்றாக ஆடுகிறவர்கள் சேர்ந்துகொள்வார்கள். மிச்சமிருக்கும் நான்கு புதியவர்கள் ஓர் அணியாக விடப்படுவார்கள். நம்மவர்களும் இதற்கு விலக்கில்லை. நான்கு தமிழர்கள் பெயர் கொடுத்தால் நான்கு பேரும் ஒரே அணி கேட்பார்கள். அன்புடன் மறுத்துவிடுங்கள். சாப்பிடும்போது ஒரே மேசையில் உட்காரலாம்.

பிரிக்கும் வழி எளிது. முப்பத்திரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஹேண்டிகேப் வரிசையில் எழுதி, எட்டு எட்டாக நான்கு கட்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு சீட்டு எடுத்தால் ஓர் அணி. எட்டு அணிகள். முதல் கட்டுக்காரர் அணித் தலைவர். சீட்டு எடுத்த பிறகு ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்யலாம்: பொறுமை இல்லாதவர் என்று லீக் முழுவதற்கும் தெரிந்த ஒருவரிடம் புதியவர் போய் மாட்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். காரணம் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

ஹேண்டிகேப் கணக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். நால்வர் ஸ்கிராம்பிளுக்கு அமெரிக்க கோல்ஃப் சங்கம் பரிந்துரைக்கும் விகிதம் இது: குறைந்த ஹேண்டிகேப்காரருக்கு 25 சதவீதம், அடுத்தவருக்கு 20, அடுத்தவருக்கு 15, அதிகமுள்ளவருக்கு 10. அணியில் 8, 16, 24, 32 என்று நான்கு பேர் இருந்தால் 2, 3.2, 3.6, 3.2, கூட்டினால் 12. இன்னோர் அணியில் 14, 18, 20, 22 இருந்தால் 3.5, 3.6, 3, 2.2, கூட்டினால் 12.3, அதாவது அதுவும் 12. பார்வைக்கு ஒன்றில் ஒரு வல்லவரும் ஒரு புதியவரும், மற்றொன்றில் நான்கு நடுத்தரக்காரர்கள். கணக்கில் இரண்டும் சமம். பதினெட்டு ஹோலுக்கான எண் என்பதால் ஒன்பது ஹோலுக்குப் பாதி, 6. அணியின் மொத்த ஸ்கோரில் அதைக் கழித்தால் நிகர ஸ்கோர். இந்த உதாரணத்தை அழைப்பு மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். பரிசு கொடுக்கும்போது எழும் முணுமுணுப்பு பாதியாகக் குறையும்.

ஹேண்டிகேப்பே இல்லாத புதியவருக்கு, அன்றைக்கு மட்டும் பதினெட்டு ஹோலுக்கு 36 என்று லீக் சார்பில் கொடுத்துவிடலாம். பத்து சதவீதமே சேர்வதால் அது சற்றுக் கூடக்குறைய இருந்தாலும் முடிவு மாறாது. முறையான எண் வேண்டுமானால், 2020 முதல் நடப்பில் உள்ள உலக ஹேண்டிகேப் முறையில் 54 ஹோல்களின் ஸ்கோர் வேண்டும். அவற்றை ஒன்பது ஒன்பதாகவும் சேர்க்கலாம். ஆறு செவ்வாய்க்கிழமையில் கிடைத்துவிடும். ஸ்கிராம்பிள் ஸ்கோர் இதற்குச் செல்லாது என்பதை அன்றே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆர்வத்தில் யாராவது பதிவு செய்துவிடுவார்கள்.

யாரேனும் வராமல் மூவராகிப் போன அணிக்கு நான்காவது பந்து ஒன்று கொடுங்கள். ஒவ்வொரு ஹோலிலும் ஒருவர் முறை வைத்து இரண்டு தடவை அடிக்கட்டும்.

எந்த டீ

பெரும்பாலான மைதானங்களில் நான்கைந்து நிறத்தில் டீ இருக்கும். இளைஞர்கள், குறிப்பாக ஆண்கள், பின்னால் உள்ளதிலிருந்து அடித்தால்தான் மதிப்பு என்று நினைக்கிறார்கள். 2011-இல் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் தொழில்முறைப் பயிற்சியாளர்களின் சங்கமான பிஜிஏ-வும் சேர்ந்து, முன்னால் வந்து ஆடுங்கள் என்று ஓர் இயக்கமே நடத்தின. டிரைவரால் 200 கெஜம் அடிப்பவருக்குப் பதினெட்டு ஹோலுக்கு 5,200 முதல் 5,400 கெஜம் நீளம் போதும், 225 கெஜம் அடிப்பவருக்கு 5,800 முதல் 6,000 என்பது அவர்கள் தந்த அளவு. ஏப்ரல் குளிரில் பந்து இன்னும் குறைவாகவே பறக்கும். ஆகவே அன்றைக்கு எல்லோரும் வழக்கத்தைவிட ஒரு டீ முன்னால் என்று நீங்களே அறிவித்துவிடுங்கள். தானாக முன்னால் போக யாருக்கும் கூச்சம். விதி என்றால் எல்லோரும் போவார்கள். நன்றாக ஆடுகிறவருக்கும் பேர்டி கிடைக்கும், சிரிப்பு வரும்.

அன்று காலை

எல்லா அணிகளும் ஒரே நேரத்தில், வெவ்வேறு ஹோலில் தொடங்குவதை ஷாட்கன் தொடக்கம் என்பார்கள். 1956-இல் வாஷிங்டன் மாநிலத்து வாலா வாலா கன்ட்ரி கிளப்பில் ஜிம் ரஸல் என்ற பயிற்சியாளர் மெய்யாகவே ஒரு துப்பாக்கியைச் சுட்டுத் தொடங்கிவைத்ததிலிருந்து வந்த பெயர். இப்போது ஹாரன்தான். லீக் நாளுக்கு இது மிகப் பொருத்தம்: எல்லோரும் ஒரே நேரத்தில் முடிப்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்காரலாம். முதல் அணி முடித்துவிட்டுக் கடைசி அணிக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்து, பொறுமை தீர்ந்து கிளம்பிவிடும் சங்கடம் இல்லை.

எட்டு அணி, ஒன்பது ஹோல் என்றால் ஒரு ஹோல் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தை ஏதாவது பார் 3 ஹோலுக்குக் கொடுங்கள். நெரிசல் எப்போதும் பார் 3-இல்தான் உண்டாகிறது, ஏனென்றால் முன்னால் உள்ளவர்கள் கிரீனை விட்டு இறங்கும்வரை யாரும் அடிக்க முடியாது. அங்கே யாரும் தொடங்காமல் விட்டால், பின்னால் வருகிற அணி வந்து சேர்வதற்குள் ஒரு மூச்சு இடைவெளி கிடைக்கும். மெதுவாக ஆடும் என்று எதிர்பார்க்கிற அணியின் தலைவரிடம் தனியாக ஒரு வார்த்தை: ஒருவர் பட் போடும்போது மற்றவர் தன் கோட்டைப் பார்த்து வைத்துக்கொள்ளட்டும், தயாராக இருப்பவர் அடிக்கட்டும், ஸ்கோரை அடுத்த டீயில் எழுதலாம்.

வருகிறவர்களுக்கு முந்தைய புதன்கிழமையே ஒரு குறிப்பு போக வேண்டும். காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் தவிர்த்த கால்சட்டை, மேலே கழற்றிப் போடக்கூடிய இரண்டு அடுக்கு, மழைத்துணி, இன்னொரு ஜோடி காலுறை. கோல்ஃப் காலணி இல்லாவிட்டால் நல்ல பிடிப்புள்ள விளையாட்டுக் காலணி போதும். விதிப்படி பதினான்கு கிளப் வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் புதியவருக்கு ஏழு போதும். அதையும் லீக்கில் யாரிடமாவது இரவல் கேட்டு நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். முதல் நாளுக்காகக் கடைக்குப் போய்ப் பெரிய செட் வாங்கவேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தச் செலவு பயமே பலரைத் தடுக்கிறது.

ஹாரனுக்கு முன் இரண்டு நிமிடம் பேசுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பந்து ஆட்கள் பக்கம் போனால் "ஃபோர்!" என்று கத்த வேண்டும், வெட்கப்படக்கூடாது. கார்ட் கிரீனுக்குப் பக்கத்தில் ஏறக்கூடாது, ஓடும்போது கால் வெளியே தொங்கக்கூடாது. கிரீனில் பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்யுங்கள். ஒரு நீண்ட ஹாரன் கேட்டால் மின்னல் அபாயம். உடனே நிறுத்திவிட்டு கிளப்ஹவுஸுக்கு வர வேண்டும், ஹோலை முடித்துவிட்டு வருகிறேன் என்ற பேச்சு கிடையாது. இரண்டு குட்டை ஹாரன் என்றால் மறுபடி தொடரலாம். பிறகு புதியவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சரியான உச்சரிப்பில் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். நம் பெயர்களை மென்று விழுங்கும் ஊரில் இது சிறிய காரியமில்லை. முந்தைய நாளே அவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எந்த நாட்டுப் பெயரானாலும்.

மைதானத்துக்குள்

அணித் தலைவர்களுக்குத் தனியாக ஒரு பாடம் வேண்டும். அடிக்கும் வரிசைதான் அது. நிதானமாக, நேராக அடிப்பவர் முதலில்; புதியவர் இரண்டாவது; தூரம் அடிப்பவர் கடைசி. முதல் பந்து ஃபேர்வேயில் பத்திரமாகக் கிடக்கும்போது இரண்டாவது ஆளுக்குப் பயம் இருக்காது, கையை நன்றாக வீசுவார். கடைசியில் வைத்தால், மூன்று பேரும் சொதப்பிய ஒரு ஹோலில் பாரம் முழுவதும் அவர் மேல் விழும். கிரீனிலும் அவரை இரண்டாவதாகவே விடுங்கள். முதல் பந்து உருண்ட கோடு அவருக்குப் பாதி வழிகாட்டிவிடும்.

கேட்காமல் யாரும் யாருக்கும் ஸ்விங் கற்றுக்கொடுக்கக்கூடாது. இதை விதியாகவே அரைப் பக்கத் தாளில் எழுதுங்கள். தலையைத் தூக்காதே, முழங்கையை மடக்காதே, எடையை மாற்று என்று மூன்று பேர் மூன்று பக்கம் சொன்னால் பந்தைத் தொடக்கூட முடியாது. எங்கே நிற்பது, எந்த கிளப் எடுப்பது, எப்போது கார்ட்டை நகர்த்துவது என்று சொல்லிக்கொடுக்கலாம். அதுதான் உண்மையில் புதியவருக்குத் தெரியாதது, கேட்கவும் கூச்சப்படுவது.

இங்கே வந்த புதிதில் நமக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. அறுபத்தெட்டு வயதுக்காரர், அப்பா வயது, பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்கிறார். நாக்கு எழவில்லை; மிஸ்டர் போட்டுப் பேசினால் அவருக்கு அது விலகலாகப் படுகிறது. பெயர் சொல்லியே கூப்பிடுங்கள், அதில் மரியாதைக் குறைவு இல்லை. அவருடைய பையை கார்ட்டில் கட்டிக்கொடுங்கள், தேடும் பந்தை அவருக்காக இன்னும் கொஞ்சம் தேடுங்கள். நாம் சொல்ல நினைத்த ஐயா அதில் வந்துவிடும்.

சாப்பாடும் பரிசும்

கிளப்ஹவுஸ் சமையல்காரரிடம் ஒரு வாரம் முன்பே பேசுங்கள். ஹாட் டாக், பர்கர் என்பதுதான் அவர்களுடைய வழக்கமான பட்டியல். எத்தனை பேர் சைவம், எத்தனை பேர் மாட்டிறைச்சியோ பன்றியோ சாப்பிடாதவர்கள் என்று எண்ணிக்கையாகக் கொடுங்கள். காய்கறி பர்கரை இறைச்சி சுட்ட அதே தட்டில் சுடவேண்டாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சொன்னால் தனிச் சட்டியில் செய்துதருவார்கள், சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தோன்றாது. ரொட்டியும் உருளைக்கிழங்கு வறுவலும் மட்டும் தின்றுவிட்டு ஒருவர் வீட்டுக்குப் போனால், அவர் உங்கள் விருந்தாளியாக இருக்கவில்லை என்று பொருள். மது விற்கும் உரிமம் உள்ள இடம் என்பதால் வெளியிலிருந்து யாரும் மது கொண்டுவரக்கூடாது. இதையும் அழைப்பிலேயே எழுதிவிட்டால் வாசலில் பேச்சுவார்த்தை இல்லை.

அமெச்சூர் ஆட்டக்காரர் ஒரு போட்டியில் ஆயிரம் டாலர் மதிப்பு வரை பரிசு பெறலாம் என்று 2022-இல் வந்த விதி அனுமதிக்கிறது. அதற்குப் பக்கத்தில்கூடப் போகவேண்டாம். பரிசு பெரிதானால் கணக்கில் கண் விழும், ஹேண்டிகேப் மேல் சந்தேகம் வரும், நட்புக் குலையும். வென்ற அணிக்கு ஆளுக்கு ஒரு டஜன் பந்து. பார் 3-இல் கொடிக்கு மிக அருகில் நிறுத்தியவருக்கு ஒன்று. மிக நீளமான டிரைவுக்குப் பரிசு வைப்பதை விட்டுவிடுங்கள். அது யாருக்குப் போகும் என்று காலையிலேயே எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதில் ஃபேர்வே நடுவே சுண்ணாம்புக் கோடோ கயிறோ போட்டு, அந்தக் கோட்டுக்கு மிக அருகில் பந்தை வைத்தவருக்குக் கொடுங்கள். எழுபது வயதுப் பெண்மணியும் முதல் ஆண்டுக்காரரும் அதை வெல்ல முடியும். உள்ளே விழுந்த மிக நீளமான பட்டுக்கும் ஒன்று வையுங்கள். கொடிக் கம்பத்தைத் தரையில் கிடத்தி அளந்தால் அளவெடுப்பதே ஒரு கொண்டாட்டம்.

அன்று இரவு

சீசன் அட்டவணை, வர முடியாத வாரங்களில் ஆட வைக்கக்கூடிய மாற்று ஆட்டக்காரர்களின் பட்டியல், ரத்தானால் எந்த எண்ணுக்கு எத்தனை மணிக்குள் செய்தி வரும் என்ற விவரம் ஆகியவற்றைக் காகிதமாகவே கொடுத்தனுப்புங்கள். ஸ்கோர்களையும் புகைப்படங்களையும் அன்று இரவே அனுப்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்தால் திங்கள் ஆகிவிடும். எல்லா அணிகளின் ஸ்கோரும் இருக்கட்டும், கடைசி அணி உட்பட, ஒவ்வோர் அணிக்கும் ஒரு வரிக் குறிப்போடு: யார் எந்த ஹோலில் என்ன செய்தார் என்று. அந்தக் குறிப்பை எழுதத்தான் சாப்பாட்டு மேசைகளுக்கு இடையே ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தோடு சுற்றிவரச் சொல்கிறேன்.

பிறகு செவ்வாய்க்கிழமை ஜோடிகளைப் போடுங்கள். ஒவ்வொரு புதியவரும் இருக்கும் நால்வரில், சனிக்கிழமை அவரோடு ஒரே அணியில் ஆடிய ஒருவராவது இருக்க வேண்டும். ஜோடிப் பட்டியலில் அந்தப் பெயர்களை முதலில் நிரப்பிவிட்டு, மற்றவற்றை எப்படி வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ளலாம்.